மூன்றாம் முழுக்கு

இது களிம்பு அல்ல.
களிம்பு உலோகம் பெற்ற பிள்ளை.
இது அண்டை வீட்டுக் கழிவு:
மலிவான பிளாஸ்டிக் உறை
முப்பது ஆண்டு வியர்த்து வியர்த்து
வெள்ளியின் மேல் வழியவிட்ட
பச்சைப் பிசுக்கு.

லியெபாயா துறைமுகத்துச் சனிக்கிழமைச் சந்தையில்,
பழைய பூட்டுகளுக்கும் தூண்டில் ஈயக்குண்டுகளுக்கும் நடுவே
அறுபது யூரோவுக்கு வாங்கினேன்.
"கழுவினால் போய்விடும்" என்றாள் ஸெல்மா,
கையுறையைக் கழற்றாமலே நோட்டுகளை எண்ணியபடி.
எது போய்விடும் என்று அவளும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

பொய்ப்பல் செய்வது என் பிழைப்பு.
என் மேசையில் அசிட்டோனுக்குப் பஞ்சமில்லை.
நகப்பூச்சு அழிக்கும் ரோஜா வாசனைத் தண்ணீர் அல்ல,
எண்ணெயோ சாயமோ சேராத சுத்தமான சரக்கு.
கண்ணாடிக் கிண்ணம்தான் வேண்டும்;
பிளாஸ்டிக் என்றால் கிண்ணமே இளகி
காசோடு உறவு கொண்டாடும்.
ஜன்னலைத் திறந்தேன்.
பால்டிக் காற்று நுழைந்து ரசீதுகளைக் கலைத்தது.
மெழுகு உருக்கும் சுடரை அணைத்தேன்.
சிகரெட்டோடு வந்த எல்மார்ஸை
வாசலிலேயே நிறுத்தினேன்.

"சோடா மாவு போட்டுத் தேய்த்துவிடேன்."

ஒருமுறை தேய்த்திருக்கிறேன்.
புதுக் கரண்டிபோல மின்னியது.
நாணயக்கடை வில்னிஸ் உருப்பெருக்கியைத் தொடக்கூட இல்லை;
உப்புக் கூடிய சூப்பைத் தள்ளுவதுபோல
ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளிவிட்டார்.
இருநூறு ஆண்டுக் கருமையை
இருபது விநாடியில் கொன்றவள் நான்.

ஆகவே தேய்க்கவில்லை.
விளிம்பைப் பிடித்து இறக்கினேன், காத்திருந்தேன்.

முதல் முழுக்கில்
பச்சை நூல்நூலாகப் பிரிந்தது.
புதுத் திரவம் மாற்றினேன்.
இரண்டாவதில் மேலே வந்தார் கூர்லாந்துப் பிரபு.
மூக்கு தேய்ந்திருந்தது.
கீழ்த்தாடை சற்றே முன்துருத்தல்,
என்னிடம் வந்திருந்தால் ஒரு வழி பண்ணியிருப்பேன்.
கருமை அப்படியே இருந்தது, நல்லவேளை.

மூன்றாவதற்குப் புரட்டிப் போட்டேன்.
கேடயச் சின்னத்தின் ஓரம்
பிசுக்கு விலகிய இடத்தில்
சிவப்பாக ஏதோ.
துரு என்றுதான் நினைத்தேன்.
குனிந்து பார்த்தால்
இரண்டு எழுத்து, ஒரு சாய்கோடு, நான்கு எண்;
எறும்புக்கால் அளவில்,
அரக்குப் பூச்சின் மேல்
தூரிகை நுனியால் எழுதியவை.

இடுக்கியால் வெடுக்கென்று எடுத்தேன்.
அதற்குள் கடைசி எண்ணிலிருந்து
ரோஜா நிறப் புகை ஒன்று கிண்ணத்தில் இறங்கியிருந்தது.
மூன்றா, எட்டா?
இமைப்பதற்குள் காசு காய்ந்துவிட்டது.
அசிட்டோன் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

அந்தக் கையெழுத்தை நான் அறிவேன்.
ஆளை அல்ல, பழக்கத்தை.
பிளாஸ்டர் தாடைகளின் அடியில்
நானும் அப்படித்தான் சிவப்பில் எண் போடுவேன்,
ஒருத்தர் பல்
இன்னொருத்தர் வாய்க்குப் போய்விடக் கூடாதென்று.

ஏதோ ஓர் அருங்காட்சியகத்தில்
ஒரு வட்டக் குழி இதற்காகக் காலியாக இருக்கிறது.

வில்னிஸ் தொள்ளாயிரம் தருவார்.
காரின் கியர்பெட்டிக்கு எழுநூற்று நாற்பது கேட்கிறார்கள்.
இன்னும் ஒரு முழுக்கு, அரை நிமிடம்:
எண்ணுக்கும் முழுக்கு,
எனக்கும் அதற்கும் நடுவே முளைத்த
இந்தச் சங்கடத்துக்கும் முழுக்கு.
தேய்க்கவும் வேண்டாம், கீறலும் விழாது.
அவ்வளவு பாதுகாப்பான முறை.

"போய்விட்டதா?" என்றான் எல்மார்ஸ், வாசலில் நின்றபடி.
"பிசுக்குப் போய்விட்டது" என்றேன்.

ரசீதின் முதுகில் எண்ணை எழுதிவைத்தேன்,
கடைசி இடத்தில் ஒரு கேள்விக்குறி.
இன்று ஞாயிறு.
நாளை அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை.
கிண்ணத்தை ஜன்னலோரம் திறந்தபடி விட்டேன்.
விடிவதற்குள் வற்றிவிடும்;
அதை நம்பித்தான் விளக்கை அணைத்தேன்.

புட்டியில் இன்னும் பாதி இருக்கிறது.
மூடி சற்றுத் தளர்வு.
படுத்த பிறகும்
அந்த வாசனை வந்துகொண்டே இருந்தது.